மரத்தரையில் கோலம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கேட்க இயலாத உறுப்பினர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



கோலத்தைப் பற்றி ஒரு ஆண்பிள்ளை, அதுவும் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனவர், என்ன பேசிவிடப் போகிறார் என்று முன்வரிசை மாமிகள் நினைப்பது எனக்கு நன்றாகவே தெரிகிறது. நியாயம்தான். எனக்கு ஒரு புள்ளியை நேராக வைக்கத் தெரியாது. ஆனால் நான் கெமிஸ்ட்ரி படித்தவன். மரமும் தண்ணீரும் பெயிண்டும் ஒன்றோடு ஒன்று எப்படி நடந்துகொள்ளும் என்பது கொஞ்சம் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன்.

சென்ற கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். "பெண்ணாத்தில் மரத்தரை. மாக்கோலம் போட்டால் தரை கெட்டுப்போகிறது என்கிறார்கள். பெயிண்டிலேயே நிரந்தரமாகப் போட்டுவிடலாமா?" காரியதரிசி உடனே, "இதையே அடுத்த மாதம் பேசிவிடுங்கள் சார்" என்று சொல்லிவிட்டார்.

போடலாம் என்பதே என் பதில். மரத்தரையில் பெயிண்டால் அலங்காரம் செய்வது உலகத்தில் இருநூறு, முந்நூறு வருஷமாக நடந்து வருகிற காரியம். ஆனால் எதைப் பெயிண்டில் போடுவது, எதைப் போடாமல் விடுவது என்று ஒன்று இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது அமெரிக்காவில் இல்லை, மாரிகுப்பத்தில்.

தூசியும் அதிர்வும்

மாரிகுப்பம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பங்காருப்பேட்டையில் பிரியும் கிளை ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன் அது. அதற்கு அப்பால் ரயில் போவதற்கு ஊர் கிடையாது. கோலார் தங்கச் சுரங்கம்தான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும், 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், 1956-ல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டதும், 2001-ல் எல்லாம் மூடப்பட்டதும் நம்மில் பலர் அறிந்த சரித்திரம். இன்றைய பேச்சுக்கு அந்த ஊரிலிருந்து எனக்குத் தேவைப்படுவது இரண்டுதான்: தூசி, அதிர்வு.

தங்கம் இருந்தது குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல் பாறையில். அந்தக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்து எடுத்தபின், மிஞ்சிய மண்ணை ஊரைச் சுற்றிக் கொட்டிக் கொட்டி மலையாக்கிவிட்டார்கள். மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது என்பார்கள். எங்களுக்கு அது சயனைட் மலை. காற்றடி காலத்தில் அந்தக் கல் மாவு கதவைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வந்துவிடும். அம்மா காலையில் கூட்டி, மத்தியானம் கூட்டி, விளக்கு வைக்கும் முன் இன்னொரு தடவை கூட்டுவாள்.

என் சின்ன வயசில் அப்பா பலா மரத்தில் இரண்டு மணை செய்து வாங்கினார். சிவப்பு எனாமல் அடித்து, அது காய்ந்ததும் அம்மா வெள்ளைப் பெயிண்டில் அதன்மேல் கோலம் போட்டாள். ஈரம் காய்வதற்குள் சயனைட் மண் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உட்கார்ந்தால் வேஷ்டி பிசிறும். இரண்டு வருஷத்தில் மணையின் நடுவில் கோலம் காணாமல் போயிற்று. நான்கு ஓரத்தில் மட்டும் அழகாக இருந்தது.

அதன் காரணம் பின்னால் காலேஜில் படிக்கும்போது புரிந்தது. கடினத்துக்கான மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறிவிடும். வர்ணத்தைத் தேய்த்து அழிப்பது நம் காலோ வேஷ்டியோ அல்ல. அதற்கும் வர்ணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் மணல்தான். எந்த ஊர்த் தெருப் புழுதியிலும் குவார்ட்ஸ் உண்டு. எங்கள் ஊரில் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். பெயிண்ட் அடித்த தரைக்கு முதல் பாதுகாப்பு வாசலில் ஒரு நல்ல மிதியடி. மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது அதிர்வு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே பாத்திரம் உருளும், சுவர் கீறும். எங்கள் வீட்டு ரெட் ஆக்சைடு தரையில் அப்படி ஒரு விரிசல் பூஜை இடத்துக்கு நேராக ஓடியது. அம்மா அதைப் பற்றிப் புலம்பவில்லை. மறுநாள் கோலம் போடும்போது அந்த விரிசலையும் ஒரு இழையாகச் சேர்த்துக்கொண்டுவிட்டாள். தரை மாறினால் கோலமும் மாறும். தினமும் போடுவதால் அது சாத்தியமாயிற்று.

நான் செய்த தப்பு

அம்மாவுக்கு எழுபது தாண்டி முழங்கால் வலி வந்தது. நான் வெளியூரில் உத்தியோகம். லீவில் வந்தபோது, அம்மா குனிந்து கஷ்டப்பட வேண்டாம் என்று, என் மனைவியை விட்டு வாசல்படிக்கு உள்பக்கமும் பூஜை இடத்திலும் வெள்ளை எனாமலில் படிக்கோலம் போடச் சொன்னேன். சுற்றிலும் காவிக் கலரில் பட்டை. பார்க்க ஜோராக இருந்தது. அம்மா, "நன்னா இருக்குடா" என்றாள். மறுநாள் கோலமாவு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாள். நான் அதை சௌகரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து அம்மா காலமானாள். தந்தி கிடைத்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மனிதர்கள் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். காலடியில் என் பெயிண்ட் கோலம், காவிப் பட்டையோடு, கல்யாண வீடு மாதிரி. அத்தைதான் முதலில் கவனித்தாள். "கோலம் சிரிச்சுண்டு இருக்கேடா. யாராவது ஒரு சாக்கைக் கொண்டு வந்து போடுங்கோ" என்றாள். அரிசிச் சாக்கைப் பிரித்து அதன்மேல் போட்டார்கள். பதின்மூன்றாம் நாள் சுபம் ஆகும் வரை அந்தச் சாக்கு அங்கேயே கிடந்தது. நான் அதன்மேல் நடந்துதான் தினமும் உள்ளேயும் வெளியேயும் போய் வந்தேன்.

நம் அகங்களில் தர்ப்பணம், ஸ்ராத்தம் என்றால் அது முடிகிற வரை கோலம் கிடையாது. துக்கத்தில் சுபம் வரை கிடையாது. வாசலில் கோலம் இல்லை என்றால் பால்காரருக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். குரலைத் தாழ்த்திப் பேசுவார். அதாவது கோலம் போடாமல் இருப்பதும் கோலத்தின் வேலைதான். பெயிண்ட் கோலத்துக்கு அந்த வேலை தெரியாது. அதற்கு இல்லாமல் போகத் தெரியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மரத்தரைக்கு வருவோம்.

மரம் ஏன் கோபித்துக்கொள்கிறது?

எங்கள் பெண் இருப்பது அமெரிக்காவில். வீடு முழுவதும் ஓக் மரத்தரை. முதல் தடவை போயிருந்தபோது வரலக்ஷ்மி விரதம் வந்தது. என் மனைவி அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியைத் தோய்த்து, நம் வழக்கப்படி இரட்டை இழையில் பெரிய கோலமாகப் போட்டுவிட்டாள். மறுநாள் புனர்பூஜை ஆனபின் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தாள். நாலு நாளில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. பலகைகளின் ஓரங்கள் லேசாக எழும்பிக்கொண்டன. பெண், "பரவாயில்லைம்மா" என்றாள். மாப்பிள்ளையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் என் மனைவி கோலம் போடவில்லை. "நமக்கெதுக்குன்னா, அவா தரை" என்றாள். பரணில் ஏறிய அம்மாவின் டப்பா எனக்கு ஞாபகம் வந்தது.

தப்பு அவள் மேல் இல்லை. மரம் செத்த பிறகும் தண்ணீர் குடிக்கிற வஸ்து. ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வேடிக்கை என்னவென்றால் நீளவாக்கில் அது ஏறக்குறைய அசைவதே இல்லை. பச்சை மரம் முழுவதும் காய்ந்தால் நீளத்தில் குறைவது 0.1 முதல் 0.2 சதவிகிதம். குறுக்கே, வளர்ச்சி வளையங்களின் போக்கில், 5 முதல் 10 சதவிகிதம் வரை குறையும். தரையின் மேலே பூசிய பாலிஷ் ஈரத்தை ஓரளவு தடுக்கும். ஆனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இணைப்பு வழியாகத் தண்ணீர் அடிப்பக்கம் போய்விடும். அடி உப்பி, மேல் உப்பாமல் இருந்தால் ஓரம் எழும்பத்தானே செய்யும்? வெள்ளைத் திட்டு என்பது பாலிஷுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம்.

இந்தத் தொல்லையை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றே பெயர். பலகையில் நேராக வர்ணம் தீட்டுவதில்லை. துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புக்கல் பொடியும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, பிறகுதான் சித்திரம், தங்க ரேக்கு எல்லாம். மரம் அசைந்தால் அந்த அசைவைத் துணி வாங்கிக்கொள்ளும்.

வெள்ளைக்காரர்களும் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கம்பளம் வாங்க வசதியில்லாத வீடுகளில் பலகைத் தரையிலேயே சதுரங்கக் கட்டம், பூ, கொடி என்று வர்ணம் தீட்டினார்கள். தகட்டில் உரு வெட்டி, அதன்மேல் வர்ணத்தை ஒற்றி எடுக்கும் ஸ்டென்சில் முறையும் உண்டு. கெட்டித் துணியில் ஆளிவிதை எண்ணெய்ப் பெயிண்டைப் பல பூச்சு பூசி, தரையில் விரித்தும் வைத்தார்கள். வசதியில்லாதவர்கள்தான் என்றில்லை, ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், கில்பர்ட் ஸ்டூவர்ட் என்ற ஓவியர் சொன்ன யோசனைப்படி மான்டிசெல்லோ மாளிகையின் முன்கூடத்து மரத்தரைக்குப் புல் பச்சை வர்ணம் அடித்தார். பாலிலுள்ள கேசீன் புரதத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பால் பெயிண்ட் என்று ஒன்றும் உபயோகித்தார்கள்.

செய்முறை

இனி காரியத்துக்கு வருகிறேன். பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் தரை என்ன தரை என்று பாருங்கள். முழு மரப்பலகை என்றால் பெயிண்ட் பிடிக்கும். அடியில் பிளைவுட், மேலே மெல்லிய நல்ல மரம் ஒட்டியது என்றாலும் பிடிக்கும். அதிகம் தேய்க்கக் கூடாது. லேமினேட் என்பது மரமே இல்லை, மரத்தூள் பலகைமேல் ஒட்டிய மரத்தின் போட்டோ. அதில் பெயிண்ட் சுலபத்தில் நிற்காது, விட்டுவிடுங்கள். வாடகை வீடு என்றால் எந்தத் தரையையும் தொடாதீர்கள்.

இரண்டாவது, பழைய வீடானால் ஜாக்கிரதை. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 1978-ல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய பெயிண்டைப் பரிசோதிக்காமல் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும். தரையில் தவழும் பேரக் குழந்தைகளுக்கு அது விஷம். நம் தேசத்தில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. பரணிலிருக்கும் பழைய டின்னை எடுத்து உபயோகிக்க வேண்டாம்.

மூன்றாவது, தேய்ப்பு. முதலில் 80 நம்பர், அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே. பளபளப்பு போனால் போதும். தூசியை வாக்குவம் கிளீனரால் எடுத்து, லேசான ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தேக்கானால் அதன் எண்ணெய்ப் பசை பெயிண்டைப் பிடிக்கவிடாது; தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, ஆவியானதும் பிரைமர் அடிக்க வேண்டும்.

நான்காவது, பிரைமர் ஒரு பூச்சு, தரைக்கென்றே விற்கும் பெயிண்ட் இரண்டு மெல்லிய பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும். மாரிகுப்பம் மணையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: காய்கிற வரை ஜன்னலில் புழுதிக் காற்று வரக்கூடாது, ஆனால் வாசனை போகக் காற்றோட்டம் வேண்டும். காற்று இல்லாத நாளாகப் பாருங்கள்.

ஐந்தாவது, டிசைன். கொத்தனார் நூல் அடிப்பது போலச் சாக்கட்டித் தூள் தடவிய நூலை இழுத்து அடித்து நேர்கோடு எடுங்கள். மாஸ்கிங் டேப்பை ஒட்டி விளிம்பு காட்டுங்கள். ஒரு உருவைப் பல தடவை போடப் பிளாஸ்டிக் தாளில் வெட்டிய ஸ்டென்சில் போதும்; பிரஷ்ஷில் வர்ணம் மிகக் கொஞ்சமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கசியும்.

ஆறாவது, மேலே நிறமில்லாத பாலியூரித்தேன் இரண்டு மூன்று பூச்சு. எண்ணெயில் கரைந்தது நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளைக் கோடு பழுப்பாகிவிடும். தண்ணீரில் கரைந்தது அவ்வளவு மஞ்சளாகாது. தொட்டால் ஒட்டாமல் இருப்பது சில மணி நேரத்தில். முழுக் கெட்டி ஆவது ஒரு வாரம் முதல் ஒரு மாதம். அதுவரை மேஜை நாற்காலியை இழுக்காதீர்கள். எண்ணெய்ப் பெயிண்ட் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

என்னென்ன போடலாம்?

கூடத்தின் நான்கு ஓரத்திலும் இரண்டு இழையாகப் படிக்கோலத்தின் கரை. மூலையில் தாமரை மொக்கு. ஊஞ்சலுக்கு அடியில் ஜமக்காளம் விரித்த மாதிரி ஒரு நீள்சதுரம். மாடிப்படியின் நிற்கும் பக்கத்தில் சிறு கொடி. அங்கே கால் படாது, பல வருஷம் நிற்கும். சாப்பாட்டு அறையில் காவியும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். கட்டத்தைச் சுவருக்கு நேராகப் போடாமல் மூலைவாட்டில் போட்டால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும்.

நடக்கிற இடத்தில் ஹ்ருதய கமலம், ஐஸ்வர்யக் கோலம், தெய்வ உருவம் எதுவும் வேண்டாம். அவை பூஜை அறையில் கையால் போடுவதற்கு உரியவை.

முக்கியமான விஷயம்: சட்டத்தை மட்டும் பெயிண்டில் போடுங்கள், கோலத்தைப் போடாதீர்கள்.

அடுத்த தடவை பெண்ணாத்துக்குப் போனபோது நான் செய்தது இதுதான். வாசலுக்கு உள்பக்கம் சதுரமாகக் காவிப் பட்டை அடித்து, அதற்குள் இரண்டு வெள்ளை இழை. நடுவில் 2 அடிக்கு 2 அடி வெறும் மரம். அதன்மேல் வைக்க அதே அளவில் தனியாக ஒரு பிளைவுட் பலகை. ஒரே துண்டு, இணைப்பு கிடையாது. ஆறு பக்கமும் காவி வர்ணமும் வார்னிஷும் அடித்து, அடியில் தரையைக் கீறாமல் கம்பளித் துண்டு ஒட்டினேன். மாப்பிள்ளைதான் டேப் ஒட்டினார், என் கை நடுங்குகிறது என்று. அந்தப் பலகையில் அரைத்த மாவால் எவ்வளவு ஈரமாகவும் போடலாம். எடுத்துப் போய்க் கழுவித் துடைத்துத் திரும்ப வைத்துவிடலாம். முழங்கால் வலி இருந்தால் மேஜைமேல் வைத்து உட்கார்ந்துகொண்டே போடலாம். அம்மாவுக்கு நான் செய்திருக்க வேண்டியது இந்தப் பலகைதான். முப்பது வருஷம் கழித்துத் தோன்றிற்று.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது பலகையில் நாலு இழையில் சின்னக் கோலம். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து புள்ளியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அங்கே இருக்கும்போதே அம்மாவின் ஸ்ராத்த திதி வந்தது. ஹிரண்யமாகச் செய்தேன். அன்று காலை என் மனைவி ஒன்றும் சொல்லாமல் பலகையை எடுத்துச் சுவரோரம் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தாள். சட்டத்துக்கு நடுவில் வெறும் மரம். பேத்தி, "பாட்டி, இன்னிக்கு ஏன் கோலம் இல்லை?" என்று கேட்டாள். "இன்னிக்குக் கொள்ளுப்பாட்டி வரா. சாப்பிட்டுட்டுப் போனப்புறம் போடலாம்" என்றாள் இவள்.

காரியம் முடிந்து, சாப்பிட்டானபின், குழந்தையே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் இடத்தில் வைத்தாள்.